பழைய பந்தய சைக்கிள் வாங்குமுன்...

1956 நவம்பர் 1 முதல் பாறசாலை கேரளத்திலும் களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கத்திலுமாக ஆயின. ஆனாலும் நெய்யாற்றின்கரை வட்டாரத்து நம்மவர்கள் சந்தைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சைக்கிளிலேயே போய்வந்தார்கள். அன்று 22, 24 அங்குல பிரேம்களே பெரும்பாலும் கிடைத்தன. கால் எட்டினால் போதும், வாங்கிவிடுவோம்.

இப்போது என் அக்காள் மகன் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காகப் பழைய சைக்கிள் தேடுகிறான். பல மாதச் சேமிப்பு போகிற காரியம். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வெறுங்காலில் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளக்கவும். அதை 0.66-ஆல் பெருக்கினால் சாதாரணப் பந்தய சைக்கிளின் பிரேம் அளவு தோராயமாக வரும்; 80 செ.மீ. என்றால் ஏறத்தாழ 53. டிரையத்லான் சைக்கிளுக்கு இது மட்டும் போதாது. முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதால், பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்நுனி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதே முக்கியம். ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம்; பிரேமை நீட்ட முடியாது. அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கழுத்தோ முழங்காலோ வலித்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.