மஞ்சள் ஒட்டுப்பொறியும் வெள்ளை ஈயும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில், ஆத்தூர் முதல் இராசிபுரம், நாமகிரிப்பேட்டை வரையில் மரவள்ளியும், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகிய காவிரிக் கரைப் பகுதிகளில் தென்னையும், தலைவாசல் பக்கத்தில் காய்கறிகளும் குடியானவர்களுக்கு ஜீவனாதாரமாக இருந்து வருகின்றன. இம்மூன்றுக்கும் பொதுவான சத்துரு ஒன்று உண்டு. அது வெள்ளை ஈ என்னும் பூச்சி இனமாகும். அதனை ஒடுக்குவதற்கு மருந்துத் தெளிப்பு ஒன்றே வழி என்று கருதிப் பணத்தைச் செலவிடுவோர் பலர். மஞ்சள் ஒட்டுப்பொறி என்னும் எளிய சாதனத்தை முறைப்படி உபயோகித்தால், அச்செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். ஆயினும் அப்பொறி செய்யக்கூடியது எது, செய்ய இயலாதது எது என்பதை முதலில் அறிதல் அவசியம்.

பூச்சியின் இயல்பு

வெள்ளை ஈ என்று பெயர் வழங்கினும் இது ஈ அன்று. அசுவினிக்கு உறவான சாறுண்ணிப் பூச்சியே. மரவள்ளி, வெண்டை, தக்காளி ஆகியவற்றில் காணப்படும் ஜாதி சுமார் 1 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. செடியைத் தட்டினால் வெண்புழுதி போல் எழும்பி, மறுபடியும் இலையின் அடிப்புறத்தில் சென்று ஒடுங்கும். அடிப்புறத்திலேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் செதில் போல் இலையோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வெயில் காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும்.

சாற்றை உறிஞ்சுவதால் விளையும் நஷ்டத்தைக் காட்டிலும், இது பரப்பும் நச்சுயிரி நோய்களால் விளையும் நஷ்டம் பெரிது. மரவள்ளியில் தேமல் நோய், வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய், தக்காளியில் இலைச்சுருட்டை நோய் ஆகிய மூன்றும் இப்பூச்சியின் மூலமாகவே செடிக்குச் செடி தாவுகின்றன. சேகோ ஆலைகளில் கிழங்கின் மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்து விலை போடுவது வழக்கம். ஆதலால், தேமல் கண்ட பயிரால் கிழங்கின் எடை குறைந்தும், சத்துக் குறைந்தும், குடியானவருக்கு இருவகையாலும் நஷ்டம் நேரக்கூடும்.

பொறி வேலை செய்யும் விதம்

இரவில் திரியும் அந்துப்பூச்சிகளை விளக்குப் பொறியால் கவர்வது குடியானவர்கள் அறிந்ததே. வெள்ளை ஈ பகலில் பறப்பது. இளந்தளிரைத் தேடிச் செல்லும் அதன் கண்ணுக்கு மஞ்சள் நிறம் தளிரைப் போன்றே தோன்றி, அதனினும் பளிச்சென்று இழுக்கிறது. ஆகவே மஞ்சள் பரப்பின்மேல் பிசுபிசுப்பான பொருளைத் தடவி வைத்தால், வந்தமர்ந்த பூச்சி மீண்டும் எழ இயலாது. தத்துப்பூச்சியும் இறக்கை முளைத்த அசுவினியும் இவ்வாறே அகப்படும். இலைப்பேனைக் கவருவதற்கு நீல நிறப் பொறி உகந்தது.

செய்முறையும் வைக்கும் முறையும்

பழைய தகரம் அல்லது பிளாஸ்டிக் பலகையை ஓரடி நீளத்துக்கு நறுக்கி, இருபுறமும் பளிச்சென்ற மஞ்சள் வர்ணம் பூசி, காய்ந்த பின் விளக்கெண்ணெயோ கிரீஸோ மெல்லியதாகத் தடவ வேண்டும். ஆமணக்கு விளையும் இந்த ஜில்லாக்களில் விளக்கெண்ணெய் கிடைப்பது அரிதன்று. ஏக்கருக்கு 5 பொறிகள் வீதம் குச்சியில் கட்டி நடலாம். பொறி பயிரின் தலைமட்டத்திற்குச் சற்று மேலே நிற்க வேண்டும்; பயிர் வளர வளர அதனையும் உயர்த்த வேண்டும். இலைகளுக்குள் மறைந்த பொறியினால் பிரயோஜனம் இல்லை. காற்றடி காலத்தில் புழுதி படிந்து பிசுபிசுப்பு விரைவில் போய்விடும். அப்பொழுது மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மீண்டும் எண்ணெய் தடவ வேண்டும்.

எண்ணிப் பார்த்தல்

பொறியின் முதற் பயன் கொல்வதன்று, அறிவிப்பதே. வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒவ்வொரு பொறியிலும் ஒட்டியுள்ள பூச்சிகளை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துப் பிறகு துடைத்துவிட வேண்டும். உதாரணமாக, ஒரு வாரம் பொறிக்குப் பத்து என்றிருந்து, அடுத்த வாரம் நாற்பதாக ஏறினால், பூச்சி பெருகத் தொடங்கியது என்பது தெளிவு. உடனே அத்தோட்டத்தில் பல செடிகளின் மேல், நடு, அடி இலைகளைத் திருப்பிக் குஞ்சுகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். வரப்போரத்துப் பொறியில் மட்டும் எண்ணிக்கை மிகுந்திருந்தால், பூச்சி அண்டை நிலத்திலிருந்தோ வரப்பின் களைகளிலிருந்தோ வருகிறதென்று ஊகிக்கலாம். எண்ணிக்கை ஏறாமல் இருக்கும்பொழுது மருந்து தெளிப்பது வீண் செலவாகும். அன்றியும், செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அடிக்கடி தெளித்த வயல்களில், நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, வெள்ளை ஈ முன்னிலும் அதிகமாகப் பெருகுவது அநுபவத்தில் கண்ட விஷயமாகும்.

பொறியால் இயலாதவை

பொறியில் அகப்படுவன பறக்கும் பூச்சிகள் மட்டுமே. இலையடியில் உள்ள முட்டையும் குஞ்சும் அப்படியே இருக்கும். மேலும், மரவள்ளித் தேமல் பெரும்பாலும் நோயுற்ற கரணையின் வழியாகவே புதிய தோட்டத்துக்கு வந்து சேருகிறது. நோயுள்ள கரணையை நட்டுவிட்டு எத்தனை பொறி வைத்தாலும் பயனில்லை. தேமல் இல்லாத செடிகளை அறுவடைக்கு முன்பே அடையாளமிட்டு, அவற்றிலிருந்தே கரணை எடுப்பதும், இளம்பயிரில் நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அழிப்பதும் முதற்கடமையாகும். திருவனந்தபுரத்தில் 1963-ல் ஏற்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா முதலிய ரகங்களையும் வெளியிட்டுள்ளது.

மாவுப்பூச்சியையும் வெள்ளை ஈயையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் கூடாது. மாவுப்பூச்சியின் பெண்ணுக்கு இறக்கை இல்லை. ஆகையால் ஒட்டுப்பொறி அதனை ஒடுக்காது. 2020-ல் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் இச்சமவெளியிலும் பரவியது. அதற்கு மருந்தாக வந்தது ஒரு சிறு குளவியே. ஆப்பிரிக்காவில் 1980-களில் மரவள்ளியைக் காத்த அனாகைரஸ் லோபேசி என்னும் அக்குளவி, பெனின் தேசத்திலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச் மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

தென்னைக்கு உரிய முறை

மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ, 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் காணப்பட்டுப் பின்பு எங்கும் பரவியது. அது சிந்தும் தேன் போன்ற கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலைகள் கறுத்துவிடும். இதற்கு 5 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் பாலிதீன் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 7 முதல் 10 வரை, தரையிலிருந்து 5 அல்லது 6 அடி உயரத்தில் கட்டும்படி கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் யோசனை கூறியுள்ளனர். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், கரும்பூசணம் நீங்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவைக் காய்ச்சித் தெளிப்பதும் உதவும்.

இப்பூச்சியை இயற்கையாகவே அழிக்கும் என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி உண்டு. அக்குளவி முட்டையிட்ட குஞ்சு கறுத்துப்போகும். குளவி வெளியேறியபின் வட்டமான துளை தெரியும். நஞ்சு தெளித்தால் இக்குளவியும் மாளும். மஞ்சள் நிறத்துக்கு இதுவும் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடுமாதலால், துளையுள்ள குஞ்சுகள் மிகுதியாகத் தென்படும் தோப்பில் பொறிகளைக் கழற்றிவிடுவதே விவேகம்.

வெள்ளை ஈக்கு வரப்பு வேலியன்று. ஒருவர் பொறி வைத்து, அடுத்தவர் நோயுற்ற செடியை நிறுத்தி வைத்தால் இருவருக்கும் நஷ்டமே. ஆகவே ஒரு கிராமத்துக் குடியானவர்கள் ஒரே வாரத்தில் பொறி நட்டு, வாரத்திற்கொரு முறை கூடித் தத்தம் நோட்டுப் புத்தகக் கணக்கை ஒப்பிட்டு, எங்கே பூச்சி ஏறுகிறதோ அங்கே மட்டும் நடவடிக்கை எடுப்பார்களாயின், கைப்பொருளும் மிஞ்சும், குளவிகளும் பிழைக்கும், பயிரும் தழைக்கும்.