கொன்று வாழ்விக்கும் கடல் வைரஸ்கள்

கொங்கு நாட்டிற்குக் கடல் இல்லை. ஆயினும் கடலுக்கு நாமும் கடன்பட்டவர்களே. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி, கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உழைப்பாகும். அந்த நுண்ணுயிர்களின் வாழ்வையும் சாவையும் பெரிதும் முடிவு செய்பவை வைரஸ்கள்!

கடலில் வைரஸ்கள் மிகக் குறைவு என்றே முன்னர்க் கருதினர். 1989-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக அறிஞர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் எண்ணிப் பார்த்தபோது அக்கருத்து தகர்ந்தது. கடலோர நீரின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் ஒரு கோடி வைரஸ்கள் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோமா? கடல் முழுவதிலும் உள்ள வைரஸ்கள், 1-ஐ அடுத்து 30 சுழியங்கள் இட்ட எண்ணிக்கைக்குக் குறையா. ஒரு வைரஸின் அளவு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நீளம் சுமார் ஒரு கோடி ஒளியாண்டுகள்! ஆண்ட்ரமீடா விண்மீன் கூட்டமோ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது.

இவை என்ன செய்கின்றன? பெரும்பாலானவை பாக்டீரியாக்களைத் தாக்குகின்றன. உள்ளே புகுந்து பெருகி, செல்லை வெடிக்கச் செய்து வெளியேறுகின்றன. கடல் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாள்தோறும் இவ்வாறு மடிகிறது. வெடித்த செல்லின் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு ஆகியவை நீரில் கரைந்து மற்ற நுண்ணுயிர்களுக்கு உரமாகின்றன. வாய்க்காலில் மடை மாற்றுவது போல, பெரிய உயிர்களை நோக்கிச் செல்லும் உணவில் ஒரு பகுதியை வைரஸ்கள் மீண்டும் நுண்ணுயிர்களுக்கே திருப்பிவிடுகின்றன. மேலும், எந்த இனம் மிகுதியாகப் பெருகுகிறதோ அதன்மீதே வைரஸ்கள் அடிக்கடி மோதும். ஆகவே ஒரே இனம் கடலை ஆளுவதில்லை.

வைரஸ்களுக்கு மற்றொரு பணியும் உண்டு. அவை மரபணுக்களைச் சுமந்து செல்கின்றன. காலரா பாக்டீரியா கழிமுகங்களிலும் கடலோர உவர்நீரிலும் இயல்பாக வாழ்வது. 1992-இல் சென்னையில் ஒரு புதிய காலரா வகை தலைகாட்டி, வங்காளம் வரை பரவியது. அதற்கு ஓ-139 எனப் பெயரிட்டனர். அதுவரை கொள்ளைநோயாகப் பரவியவை ஓ-1 வகையினவே. இவ்விரு வகைகளும் ஒரே நஞ்சால்தான் மனிதனை வீழ்த்துகின்றன. அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? 1996-இல் அமெரிக்க அறிஞர்கள் வால்டரும் மெக்கலனோஸும் விடை கண்டனர். நஞ்சுக்கான மரபணு, பாக்டீரியாவினுள் குடிபுகுந்த ஒரு வைரஸுக்கு உரியது!

ஆயுதம் கொடுப்பதும் வைரஸ், அடக்குவதும் வைரஸ். காலரா தணியும் பருவத்தில், அப்பாக்டீரியாவை அழிக்கும் வேறு வைரஸ்கள் நீர்நிலைகளில் பெருகியிருப்பதை டாக்கா ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் வெளியிட்டனர்.

இனி வைரஸ் என்றதும் நோயை மட்டும் நினையாதீர்கள். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு கை நீரை அள்ளிப் பாருங்கள். தெளிந்து தோன்றும் அந்த நீரில் கோடிக்கணக்கான வைரஸ்கள் ஓயாமல் அழித்தும் ஆக்கியும் கொண்டிருக்கின்றன.