வலிக்கும் முன்பே இடுப்பைப் பாருங்கள்

“ஆப்பரேஷன் முடிஞ்சா பிள்ளை நடந்துடுவாளா?” என் மகளுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை என்றதும் உறவினர்களும் கிளமெண்டியில் எங்கள் புளோக்கில் உள்ளவர்களும் முதலில் கேட்டது இதைத்தான். நடக்க வைப்பதற்காக அதைச் செய்யவில்லை. பிற்காலத்தில் அவள் வலியின்றி உட்காரவும் படுக்கவும் வேண்டும் என்பதற்காகச் செய்தோம்.

மகளுக்கு வயது 9. பெருமூளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவளது ஆறு வயதில் எடுத்த எக்ஸ்ரேயில், வலது தொடை எலும்பின் தலையில் 48 விழுக்காடு மூட்டுக் கிண்ணத்துக்கு வெளியே வந்திருந்தது. அப்போது அவளுக்கு வலியே இல்லை.

“வலிக்கலைன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைய ஏம்மா கத்திக்குக் கொடுக்கணும்?” என்றார் என் மாமியார். நியாயமான கேள்விதான்.

ஏன் விலகுகிறது?

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் பிறக்கும்போது இடுப்பு மூட்டு பொதுவாகச் சரியாகவே இருக்கும். பிறகு, இறுகிய தசைகள் தொடைகளை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உரிய வயதில் நின்று நடக்காததால் மூட்டுக் கிண்ணமும் ஆழம் பெறுவதில்லை. பந்து போன்ற எலும்புத் தலை மெல்ல நழுவுகிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2006ல் வெளியான ஆய்வில், பெருமூளை வாதம் உள்ள சிறாரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு விலகியிருந்தது. தடையின்றி நடப்பவர்களிடம் அது காணப்படவில்லை. தலையை நிறுத்தவே சிரமப்படும் சிறாரிலோ 90 விழுக்காட்டினருக்கு இருந்தது.

அளவு 30 விழுக்காட்டைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை. 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். போடோக்ஸ் ஊசி தசை இறுக்கத்தைத் தளர்த்தலாம்; விலகலைத் தடுக்க அதை மட்டும் நம்ப முடியாது.

தென் சுவீடனில் 1994 முதல் இச்சிறாருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து வருகிறார்கள். முன்பு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடுப்பு முழுவதும் நழுவியது. இப்போது அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தியாவிலும் 2022ல் இதற்கென வழிகாட்டி நெறிகள் வெளியாயின.

மூன்று வகை சிகிச்சை

சிறு வயதில், விலகல் குறைவாக இருந்தால் இறுகிய தசைநாரைத் தளர்த்துவார்கள். விலகல் அதிகமானால் தொடை எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, தகடும் திருகாணிகளும் பொருத்துவார்கள். தேவைப்பட்டால் கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பை வெட்டி, எலும்புத் துண்டு வைத்து அதை ஆழப்படுத்துவார்கள். என் மகளுக்கு ஏழு வயதில் இவ்விரண்டும் நடந்தன.

மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்த பிறகு இப்படிச் சீரமைப்பது கடினம். பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் வலி தீர, எலும்புத் தலையையே அகற்ற வேண்டியிருக்கலாம். சிலருக்குச் செயற்கை மூட்டு பொருத்தலாம். மாமியாரின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வலி வரும்வரை காத்திருந்தால் நல்ல வாய்ப்பு கைநழுவிவிடும்.

வீட்டில் ஆறு வாரம்

இது பெரிய அறுவை சிகிச்சை. ரத்த இழப்பு, நெஞ்சுச் சளி, கிருமித்தொற்று, பிறகு எலும்பு முறிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. சிலருக்கு மாவுக்கட்டு போடுவார்கள். என் மகளுக்குக் கால்களுக்கிடையே நுரைப்பஞ்சு அணை வைத்தார்கள். முதல் வாரம் தசைப்பிடிப்பால் இரவில் துடித்தாள். வலிமருந்தை நேரம் தவறாமல் கொடுத்தோம். தூக்க இருவர் வேண்டும்: நான் தோளைத் தாங்க, கணவர் இடுப்பையும் கால்களையும் தாங்குவார். மாமியார் ஸ்பூனால் கஞ்சி ஊட்டுவார்.

வீடு திரும்பும் முன்பே சக்கர நாற்காலியின் அளவை மாற்ற வேண்டுமா, குளிப்பாட்டுவது எப்படி என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. செலவுக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு கைகொடுக்கும் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இப்போது டயப்பர் மாற்றும்போது தொடைகள் எளிதாக விரிகின்றன. பள்ளி முடியும்வரை வலியின்றி உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் வளர்ச்சி முடியும்வரை இடுப்பு மீண்டும் விலகலாம் என்பதால் எக்ஸ்ரே தொடர்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இடுப்பு எத்தனை விழுக்காடு விலகியிருக்கிறது? அடுத்த எக்ஸ்ரே எப்போது? பதிலைத் தேதியோடு குறித்து வையுங்கள்.