மோதிய பின் காத்திருத்தல்

வெவ்வேறு தீவுகளில் இருந்த கல்லூரி வளாகங்களை ஓவாஹூ தீவின் மையக் கணினியோடு வானொலி அலைவழியே இணைக்கும் நோக்கத்துடன், நார்மன் ஆப்ராம்சனின் குழு 1971 ஜூனில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அலோஹாநெட் என்னும் வலையமைப்பை இயக்கிவைத்தது. அதில் முனையங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் மையத்துக்குச் செய்தி அனுப்பின; செய்தி, 80 எழுத்துகள் வரை கொள்ளும் துண்டுகளாக, முகவரியும் பிழைகாண் குறியீடும் சேர்ந்து, ‘பொதி’யாகப் புறப்பட்டது. இரு முனையங்களின் பொதிகள் ஒரே நேரத்தில் வந்தால் அலைகள் கலந்து இரண்டுமே பெரும்பாலும் கெட்டுவிடும், இதுவே மோதல்.

முறைவைத்து நேரம் ஒதுக்கினால் மோதலே நேராது. ஆனால் முனையத்தின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பொழுதை யோசிப்பதிலும் தட்டச்சு செய்வதிலும் கழிப்பதால், பயிரில்லாத வயலுக்கு மடை திறந்ததுபோல அந்த நேரம் வீணாகும். ஆகவே ஆப்ராம்சன் முறைவைப்பதையே கைவிட்டார். பொதி ஆயத்தமானதும் அனுப்பலாம். கிடைத்தது என்று மையம் தரும் ஒப்புகை வராவிட்டால், சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்பலாம். காத்திருக்கும் நேரம் குலுக்கலில் விழும் எண்போல ஒவ்வொரு முறையும் மாறவேண்டும் என்பதில்தான் இவ்விதியின் உயிர் இருக்கிறது. மோதிய இரண்டும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதும்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. ஒரு பொதி புறப்படுவதற்குச் சற்று முன்னர் கிளம்பியதும், அது முடிவதற்குள் கிளம்புவதும் அதைக் கெடுக்கக்கூடும் என்பதால், அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18.4 சதவீதமே பயன்படும் என்று கணக்கு காட்டியது. நேரத்தைச் சம கூறுகளாக்கி, கூறின் தொடக்கத்தில் மட்டுமே பொதி புறப்படலாம் என்று லாரி ராபர்ட்ஸ் 1972இல் முன்வைத்த திருத்தம் அதை 36.8 சதவீதமாக, அதாவது சரியாக இருமடங்காக, உயர்த்தியது.

பேசுமுன் காது கொடுத்துக் கேட்பது அடுத்த படி. பழைய ஈதர்நெட் கம்பியில் அனுப்பும்போதே மோதலை அறிந்து நிறுத்த முடிந்தது. வானலையிலோ கருவியின் சொந்த ஒலிபரப்பே அதன் காதை அடைத்துவிடுவதால் அது எளிதன்று. மேலும், சுவரின் இருபுறமும் உள்ள இரு மடிக்கணினிகளுக்கு நடுவிலுள்ள ரூட்டர் எட்டினாலும் ஒன்றின் அலை மற்றொன்றுக்கு எட்டாமல் போகலாம். இதனால் 1997இல் வெளியான வைஃபை தரநிர்ணயம் மோதலைக் கண்டறிவதைவிடத் தவிர்ப்பதையே நாடியது: அலைவரிசை ஓய்ந்த பிறகும் கருவி குலுக்கலில் விழுந்த எண்ணிலிருந்து இறங்குமுகமாக எண்ணிவிட்டே அனுப்புகிறது; இடையில் வேறொன்று பேசத் தொடங்கினால் எண்ணுவதை நிறுத்தி வைக்கிறது; ஒப்புகை வராத ஒவ்வொரு முறையும் குலுக்கலின் எல்லையை ஏறத்தாழ இருமடங்காக்கி, 1023 வரை விரிக்கிறது. பெரிய பொதியானால் சிறு கோரிக்கை ஒன்றை முன்னே அனுப்பி ரூட்டரிடம் இசைவு பெறவும் வழியுண்டு. அந்த இசைவு சுவருக்கு அப்பாலுள்ள கருவியின் காதிலும் விழுவதால் அது அடங்கியிருக்கும். சிறு பொதிக்கு இந்தச் சம்பிரதாயம் சுமைதான்.