அயர்லாந்துத் தாய்மாரும் தாய்ப்பாலும்

பிறந்தது முதல் ஆறு திங்கள் வரையில் குழவிக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், அதன்பின் பிற உணவுகளோடு ஈராண்டு வரையிலும் அதற்கு மேலும் ஊட்டலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஆயினும், செல்வமும் கல்வியும் மிக்க அயர்லாந்து நாட்டில் இவ்வழக்கம் மிகக் குன்றியுள்ளது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே ஒருமுறையேனும் தாய்ப்பால் பருகிய குழந்தைகள் நூற்றுக்கு 55 பேரே. இதற்குக் காரணம் யாது?

அந்நாட்டுப் பெண்களுக்கு அன்பு குறைவென்றோ, பால் சுரப்பதில்லையென்றோ கருதுதல் பிழையாகும். பால் சுரத்தல் இயற்கை. ஊட்டுதலோ கண்டும் கேட்டும் கற்கவேண்டிய கலை. முற்காலத்துப் பெண்கள் தம் அன்னையரும் தமக்கையரும் ஊட்டக் கண்டு அதனைக் கற்றனர். சென்ற நூற்றாண்டில் புட்டிப்பால் பரவியபின், அதனாலேயே வளர்ந்த தலைமுறைகள் தோன்றின. ஆதலின், இன்று மகள் ஓர் ஐயம் வினவினால், விடை கூறும் அனுபவம் அன்னைக்கும் இல்லாதிருத்தல் கூடும்.

இதனால் விளையும் இடர் ஒன்றைக் காண்போம். மகப்பேற்றின் பின் முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரப்பது சிறிதளவு சீம்பாலே. குழவியின் இரைப்பை மிகச் சிறிதாதலின், பெரும்பாலும் அதுவே அமையும். இதனை அறியாத தாய், 'எனக்குப் பால் இல்லை' என்றஞ்சிப் புட்டியை நாடுகின்றாள். வயிறு நிறைந்த குழவி முலையுண்பது குறைகின்றது; அது குறையவே சுரத்தலும் குறைகின்றது. வீண் அச்சமாய் இருந்தது இவ்வாறு மெய்யாகிவிடுகின்றது.

வேறு தடைகளும் உள. பிறர் காண ஊட்டுதற்குச் சிலர் நாணுகின்றனர். சிலர் முலைக்காம்பு புண்பட்டு வருந்துகின்றனர். சிலர் பணிக்குத் திரும்ப வேண்டியவராகின்றனர். பச்சிளங்குழவிகளுக்குரிய பால்மாவைப் பொதுமக்களிடம் விளம்பரஞ் செய்தல் தடுக்கப்பட்டிருப்பினும், ஆறு திங்கள் கடந்த குழந்தைகளுக்குரிய மாவின் விளம்பரம் அதே வாணிகப் பெயரை மக்கள் மனத்தில் பதிக்கின்றது.

இனி, இவற்றை நீக்கும் வழிகளை நோக்குவோம். பொதுவிடத்தில் பாலூட்டும் தாயை இழிவுபடுத்தாவண்ணம் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. குழந்தைக்கு ஈராண்டு நிரம்பும்வரை, பாலூட்டுதற்கென நாள்தோறும் ஒருமணி நேரம் ஊதியத்தோடு ஓய்வு பெறும் உரிமையை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பணிபுரியும் தாய்மாருக்கு அளித்தது. இவை நன்றே, ஆயினும், சட்டம் நாணத்தைப் போக்கலாமேயன்றிக் குழவியை ஏந்தும் முறையைக் கற்பிக்க வல்லதன்று. அதனைச் செய்யவல்லார் இல்லந்தேடி வரும் செவிலியரும், பாலூட்டல் ஆலோசகரும், அனுபவமுடைய தாய்மாருமே. லா லேச்சே லீக் போன்ற சங்கங்களின் கூட்டங்களில் கருவுற்ற பெண்கள் பிறர் பாலூட்டுதலை நேரிற் காண்கின்றனர். முன்னாளில் பாட்டி வீடு அளித்த கல்வியை இக்கூட்டங்கள் அளிக்கின்றன எனலாம். கணவரும் இவற்றை அறிந்திருப்பின், தளர்ந்த வேளையில் துணை நிற்பர்.

நோயினாலோ பிற காரணங்களினாலோ ஊட்டவியலாத தாய்மாரும் உளர். அவர்களைப் பழித்தல் தகாது. முயலும் தாய்க்கு முதல் வாரத்திலேயே உற்ற துணை கிடைக்கச் செய்வதே சமுதாயத்தின் கடமை.