எல்லாம் என் கையில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு: இணையவழி உளச்சிகிச்சையாளரைத் தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

இதயநோய்ப் பிரிவிலிருந்து என்னிடம் அனுப்பப்படுபவர்களில், நோயாளியைக் காட்டிலும் உடன் வருபவருக்கே உதவி தேவைப்படுவதுண்டு. சென்ற ஆண்டு ஒரு தம்பதியர் வந்தனர். அவர்களது இசைவைப் பெற்றும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உறக்கமின்மை என்று சீட்டில் குறித்திருந்தார்கள். இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மனைவி விடை சொன்னார். பசி எவ்வாறு உள்ளது என்றேன். அதற்கும் அவரே சொன்னார். நான்காவது கேள்வியின்போது கணவர் என்னைப் பார்க்கவில்லை. விடைக்காக மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த அம்மையாரின் கையில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. நாளொன்றுக்கு ஏழு முறை எடுத்த இரத்த அழுத்த அளவுகள் அதில் இருந்தன. சாப்பாட்டில் சேர்த்த உப்பின் அளவு, யார் தொலைபேசியில் அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பனவும் இருந்தன. குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது என்பது வீட்டு விதி. இரவில் மூச்சு வருகிறதா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பாராம். உறக்கம் கெட்டவர்கள் இருவர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான் கவனிக்காமல் இருந்திருந்தால் இவர் அன்றைக்கே போயிருப்பார், டாக்டர்" என்றார். அது உண்மை. வாயுத் தொல்லை என்று கணவர் ஒதுக்கிய நெஞ்சுவலியை நம்பாமல், வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர் அவர்தாம். ஆகவே, "இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம், அம்மா" என்று நான் சொல்லியிருந்தால் அது அவர் காதில் விழுந்திருக்காது. ஒரு முறை உயிரைக் காத்த பழக்கத்தை யார்தான் எளிதில் விடுவார்கள்?

கட்டுப்படுத்தும் நாட்டத்தை நாம் பெரும்பாலும் குணக்கேடாகவே பேசுகிறோம். அதிகாரம், பிடிவாதம், சந்தேகம் என்கிறோம். மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதன் அடியில் பெரும்பாலும் அச்சமே இருக்கிறது. என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைச் சிலரால் தாங்க இயலாது. அந்த நிலை மூண்டவுடன் எதையாவது சரிபார்க்கத் தோன்றும்; சரிபார்த்தவுடன் மனம் சற்று ஆறும். சிக்கல் அந்த ஆறுதலில்தான் இருக்கிறது. சரிபார்த்ததால்தான் தீங்கு நேரவில்லை என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுமுறை அச்சம் விரைவில் வருகிறது, சரிபார்ப்பும் கூடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறையாக இருந்த அழுத்தப் பரிசோதனை ஏழாக வளர்வது இப்படித்தான்.

மறுபக்கத்தில் இருப்பவரும் மாறுகிறார். ஒருவர் ஒளித்து உண்ணத் தொடங்குகிறார். மற்றொருவர் தம் மாத்திரையின் பெயரைக்கூட அறியாத அளவுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டுமே கட்டுப்படுத்துபவரின் அச்சத்தை மெய்ப்பிக்கின்றன. "பாருங்கள், விட்டால் இப்படித்தான்" என்பார் அவர்.

இது தனியொரு நோயின் பெயரன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். பதற்ற நோயிலும், ஓ.சி.டி. என்று பலரும் அறிந்த எண்ணச் சுழற்சி நோயிலும், எதுவும் குறைவற்ற ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று இளமை முதலே இறுகிப்போன ஆளுமையிலும், பழைய அதிர்ச்சி ஒன்றின் எச்சமாகவும் இது தோன்றலாம். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம், முன்பு இல்லாத பிடிவாதமோ சந்தேகமோ சில மாதங்களில் புதிதாகத் தலைகாட்டினால், இணையத்தில் சிகிச்சையாளரைத் தேடுவதற்கு முன் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். தைராய்டு மிகை, பக்கவாதம், மறதி நோயின் தொடக்கம் ஆகியவை குணமாற்றமாக முதலில் வெளிப்படக் கூடும்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மனைவியின் சம்பளத்தைப் பிடுங்குவது, பிறந்த வீட்டாரோடு பேசவிடாமல் தடுப்பது, தொலைபேசியைப் பறிப்பது, மிரட்டுவது, அடிப்பது ஆகியவற்றையும் 'கட்டுப்பாட்டுப் பிரச்சினை' என்று மென்மையாகப் பெயரிட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். அது குடும்ப வன்முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் துன்பத்தை மட்டுமன்றி மன, பொருளாதாரத் துன்பங்களையும் வன்முறை என்றே கொள்கிறது. அத்தகைய வீட்டில் தம்பதியரைச் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை தொடங்குவது ஆபத்து. அங்கே சொன்ன ஒரு சொல்லுக்கு இரவில் தண்டனை கிடைக்கலாம். பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புதான் அங்கு முதல் வேலை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இனி, இணையவழிச் சிகிச்சைக்கு வருவோம். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வாரந்தோறும் வெளியே செல்ல இயலாதவர்களுக்கு அது உண்மையிலேயே ஒரு வரம். பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நம் நாட்டில், சிற்றூரில் இருப்பவரும் தமிழில் பேசும் ஒருவரைத் திரைவழியே பெற முடிகிறது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் காணொலி வழியே அளிக்கும் உளச்சிகிச்சை, நேரில் அளிப்பதற்கு ஏறத்தாழ இணையான பயனைத் தருவதாகவே ஆய்வுகள் காட்டியுள்ளன.

யாரிடம் செல்வது? மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் பட்டமேற்படிப்புப் படித்தவர். மருத்துவ மன்றப் பதிவு எண் உடையவர். மருந்து எழுதக் கூடியவர். 25 மார்ச் 2020 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி அவர் காணொலியில் ஆலோசனை தரலாம். ஆனால் சில மருந்துகளை அவ்வழியில் எழுத அனுமதியில்லை. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். உளச்சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. தயங்காமல் சொல்பவரே நல்லவர். 'ஆலோசகர்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களைச் சில வாரப் பயிற்சி பெற்றவரும் போட்டுக்கொள்ள முடிகிறது. அவர்களிலும் திறமையானவர்கள் உண்டு. ஆயினும் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார் என்று கேட்டறிவது உங்கள் பொறுப்பு. அழகான செயலியும் ஐந்து நட்சத்திர மதிப்பீடும் தகுதிச் சான்றுகள் அல்ல.

இங்கேதான் கட்டுப்படுத்தும் மனம் தன் வேலையைக் காட்டும். மேற்சொன்ன அம்மையார், நான் பரிந்துரைத்த மூன்று வாரங்களில் நாற்பது சிகிச்சையாளர்களின் விவரங்களைத் திரட்டிப் பட்டியல் போட்டுவிட்டார். படிப்பு, வயது, கட்டணம், சொந்த ஊர் எனக் கட்டங்கள். ஒருவரிடமும் பேசவில்லை. தவறான ஒருவரைத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். வேறு சிலர் இரண்டு அமர்வுகளிலேயே ஆளை மாற்றி, அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போய்க்கொண்டிருப்பார்கள். இணையம் இதற்குத் தோதானது. கேமராவை அணைக்கலாம், சங்கடமான கேள்வி வந்தால் சிக்னல் போய்விட்டது என்று சொல்லலாம், ஒரு பொத்தானில் அமர்வை ரத்து செய்யலாம். சிகிச்சையின் கடிவாளமும் தம் கையிலேயே இருக்கிறது என்ற வசதியில் சிகிச்சை நடக்காமலே போய்விடும்.

ஆகவே நான் ஓர் எல்லை வகுத்துக் கொடுக்கிறேன். தகுதி சரியாக உள்ள மூவரை மட்டும் எடுங்கள். மூவரிடமும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் பேசுங்கள். ஒரு வாரத்துக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நான்கு அமர்வுகள் முடியும்வரை மாற்றாதீர்கள். ஒழுக்கக் கேடோ இரகசிய மீறலோ இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு. அப்போது உடனே விலகுங்கள்.

முதல் பேச்சில் என்ன கேட்பது? பதற்றத்தாலும் கட்டுப்படுத்தும் நாட்டத்தாலும் அல்லலுறுபவர்களோடு வேலை செய்திருக்கிறாரா, எந்த முறையைக் கையாள்கிறார், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பார், அமர்வு பதிவு செய்யப்படுமா, அவசர நிலையில் யாரை அழைப்பது என்பவை போதும். "ஆறே அமர்வுகளில் முழுக் குணம்" என்று உறுதி தருபவரையும், உங்கள் பேச்சைக் கேட்குமுன் பெருந்தொகைக்கு மொத்தத் திட்டம் விற்பவரையும் தவிர்த்துவிடுங்கள். மொழியை அற்பமாக எண்ண வேண்டாம். கோபமும் அழுகையும் எந்த மொழியில் வருகின்றனவோ அந்த மொழியில் பேசுபவர் வேண்டும். நம் வீடுகளில் மாமியார், நாத்தனார், மூத்த மகன் என்ற சொற்களுக்குப் பின்னால் இருக்கும் சுமையை விளக்கிச் சொல்லவே பாதி நேரம் போய்விட்டால் பயனில்லை.

அடுத்தது இடம். இரண்டு அறைகள் உள்ள வீட்டில் மனம் திறந்து பேசுவது எளிதன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சைத் தகவல்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக வகுத்துள்ளது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்குண்டு. ஆனால் சுவருக்கு அப்பால் நிற்கும் மருமகளைச் சட்டம் என்ன செய்யும்? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், பூட்டக் கூடிய அறை, காதொலிப்பான் என்று ஏதேனும் ஓர் ஏற்பாடு தேவை. குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அமர்வு முடிந்து வருபவரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்காதீர்கள்.

அந்த அம்மையாருக்குக் கிடைத்த ஏற்பாடு எனக்கே பிடித்துப்போனது. சிகிச்சையாளர் தந்த நேரம் காலை ஏழு மணி. அதே நேரத்தில் கணவர் தனியாக நடைப்பயிற்சிக்குச் செல்ல வேண்டும். அவர் திரும்பும்வரை நாற்பத்தைந்து நிமிடங்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. முதல் அமர்வில் பாதி நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் சொன்னார்.

அவர் பெற்றது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்து, பின்னர் பலரால் வளர்க்கப்பட்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை. சி.பி.டி. என்பார்கள். வாரம் ஓர் அமர்வு வீதம் பன்னிரண்டு முதல் இருபது வரை நடப்பது வழக்கம். அறிவுரை அதில் குறைவு; வீட்டுப்பாடம் அதிகம். பிடியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, சிறிதாகத் தளர்த்தி, உண்மையில் என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் மையம். மாத்திரைகளைக் கணவரிடமே ஒப்படைப்பது முதல் சோதனையாக முடிவாயிற்று. எல்லா மாத்திரைகளையும் அல்ல. இதயநோய் மருத்துவரைக் கலந்து, ஒரு வைட்டமின் மாத்திரையை மட்டும். 'ஏழு நாளும் மறப்பார்' என்று எழுதினார். அவர் இரண்டு நாள் மறந்தார். "பார்த்தீர்களா, மறந்துவிட்டார்!" என்று என்னிடம் வந்து சொன்னபோது அவர் குரலில் வெற்றியும் இருந்தது. மற்ற ஐந்து நாட்களைப் பற்றி அவராகப் பேச மேலும் இரண்டு வாரங்கள் ஆயின.

இதே முறையில் இதய மாத்திரைகளை நிறுத்தியோ கைமாற்றியோ நீங்களாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்பதை உங்கள் மருத்துவரும் சிகிச்சையாளரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

கட்டுப்படுத்தப்படுபவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்வேன். மற்றொருவரை வலிந்து சிகிச்சைக்கு அனுப்ப இயலாது. அவர் மறுத்தால் நீங்கள் செல்லலாம். எதற்கு இசைவது, எதற்கு மறுப்பது, சண்டையின்றி அதை எவ்வாறு சொல்வது என்பதைக் கற்பதற்கும் சிகிச்சை உண்டு.

தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது, கட்டுமீறிய மது, வீட்டில் அடிதடி ஆகியவை இருக்குமிடத்தில் திரைவழிச் சிகிச்சை மட்டும் போதாது; நேரில் வர வேண்டும். கட்டணம் தடையாக இருந்தாலோ, எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டாலோ 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வாரந்தோறும் நடக்கும் தொடர் சிகிச்சைக்கு அது மாற்றாகாது. ஆனால் முதல் பேச்சுக்கும், தகுந்த இடத்துக்கு வழிகாட்டவும் உதவும்.

அம்மையார் இப்போது மாதம் ஒரு முறை திரையில் பேசுகிறார். இரத்த அழுத்தம் நாளுக்கு ஒரு முறை, அளப்பவர் கணவர். குளியலறைத் தாழ்ப்பாள் குறித்து மட்டும் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.