காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும் திருவிழா

பல்கேரியாவின் ரோஜாத் திருவிழாவைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தலையில் பூவளையம், பூவேலைப்பாடு கொண்ட உடை, கையில் கூடை நிறைய ரோஜா, சிரிக்கிற பெண்கள். அழகுதான், யார் இல்லை என்றது! ஆனால் அது முன்வாசல். நாம் இன்றைக்குக் கொல்லைப்பக்கமாக நுழையப் போகிறோம். அங்கேதான் மூச்சுமுட்டுகிற அளவுக்கு வாசனை!

ஊர் பெயர் கசன்லக். வடக்கே பால்கன் மலை, தெற்கே ஸ்ரெட்னா கோரா மலை, நடுவே படுத்துக் கிடக்கிறது ரோஜாப் பள்ளத்தாக்கு. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைப் பால்கன் மலை மறித்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்காத மண், மே மாதத்து மழை, விடிகாலை ஈரம். டமாஸ்க் ரோஜாவுக்கு வேறென்ன வேண்டும்? நம்மூர்ப் பன்னீர் ரோஜாவுக்கு உறவுக்காரி என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். அதே இளஞ்சிவப்பு, அதே கொசகொசவென்ற இதழ்கள். ஜாடியில் வைத்து ரசிக்கிற ரோஜா இல்லை இது. எண்ணெய்க்கென்றே வளர்க்கிற ரோஜா.

விடியும் முன்பே தோட்டத்தில் ஆள் இறங்கிவிடுகிறது. மதுரைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்புவார்களே, அதே அவசரம். அங்கே மொட்டு அவிழ்வதற்குள் பறித்தாக வேண்டும். இங்கே அன்று காலையில் அவிழ்ந்த பூவை வெயில் தொடுவதற்குள் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் இதழில் இருக்கிற எண்ணெய் காற்றோடு போய்விடும். அதனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அன்றைய பறிப்பு முடிந்துவிடுகிறது. மேகமூட்டமான நாள் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் தோட்டக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

கைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பூவை உள்ளங்கையில் ஏந்தி, காம்புக்கு மேலே, புல்லிவட்டத்துக்குக் கீழே, கட்டைவிரலால் ஒரு நெட்டு. டக்! பூ இடுப்பில் கட்டிய பைக்குள் விழுகிறது. அடுத்த கை அதற்குள் அடுத்த பூவில் இருக்கிறது. கத்தரி கிடையாது, இயந்திரம் கிடையாது, செடி நெடுக முள். பை நிறைந்ததும் சாக்கு, சாக்கு நிறைந்ததும் தராசு. கூலி கிலோக் கணக்கில். பறிப்பவர்களில் பெரும்பாலோர் ரோமா இனத்தவர்கள். திருவிழா மேடையில் இவர்களை அவ்வளவாகப் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் திருவிழாவில் ரோஜா ராணிக்குச் சூட்டுகிற கிரீடம் முதலில் இந்தக் கைகளுக்குத்தான் போகவேண்டும்.

சாக்கு நேரே வடிசாலைக்குப் போகிறது. குவித்து வைத்தால் பூ சூடேறிப் புழுங்கிவிடும் என்பதால் அன்று பறித்தது அன்றே கொப்பரைக்குள். பூவும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்க, ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து பன்னீராக இறங்குகிறது. அதோடு விடுவதில்லை. தண்ணீரில் கரைந்து ஒளிந்துகொண்ட எண்ணெயையும் பிடிக்க, அந்தப் பன்னீரையே இன்னொரு முறை வடிக்கிறார்கள். கடைசியில் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையின் மேல்மட்டத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மெல்லிய படலம் மிதக்கும். அவ்வளவுதான்! அதற்காகத்தான் இத்தனை பாடும். ஒரு கிலோ எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும்.

அந்த எண்ணெய்க்கு ஒரு வினோதம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறை கொஞ்சம் குளிர்ந்தாலே சீசாவுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால் அந்தச் சூட்டிலேயே கரைந்து மறுபடி எண்ணெயாகிவிடும்!

இனி ஊருக்குள் வருவோம். கசன்லக்கில் ரோஜாத் திருவிழா தொடங்கியது 1903இல். இப்போது ஜூன் முதல் வார இறுதியில் உச்சம். பள்ளிப் படிப்பை முடிக்கிற மாணவிகளிலிருந்து ரோஜா ராணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்வலம், நாட்டுப்புற ஆட்டம், ரோஜா ஜாம், ரோஜா மது. நடுவே ஆட்டுத்தோல் போர்த்தி, முகமூடி மாட்டி, இடுப்பில் பெரிய பெரிய மணிகள் கட்டிக்கொண்டு குக்கேரி ஆட்டக்காரர்கள் குதிப்பார்கள். தீய சக்தியை விரட்டுகிற பழைய சடங்கு அது. தெருவே அதிரும்!

ஆனால் மே மாதத்தில் ஊர்க்காரர்கள் பேச்சில் அடிபடுவது ராணி யார் என்பது மட்டுமல்ல. மழை எப்போது, ஆள் கிடைக்குமா, பூ கிலோ என்ன விலைக்குப் போகிறது, இவைதான் உண்மையான உள்ளூர்ச் செய்திகள். பல்கேரிய ரோஜா எண்ணெய்க்கு 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணெய் ரோஜாவுக்கென்றே 2020இல் தனிச் சட்டமும் வந்தது. அப்படியும் கொள்முதல் விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் குமுறுகிறார்கள், தெருவில் இறங்கியும் இருக்கிறார்கள். உலகமே கொண்டாடுகிற ஒரு வாசனைக்குப் பூ கொடுக்கிறவர் கையில் மிச்சம் இல்லை என்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

அந்தப் பக்கம் போனால் ரோஜா அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஊருக்குள்ளேயே பண்டைய திரேசிய மக்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. 1944இல் மண் தோண்டிய படைவீரர்கள் தற்செயலாகக் கண்டது. இப்போது யுனெஸ்கோ பட்டியலில். சுவரோவியம் கெட்டுவிடக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு நகல் கட்டி, பெரும்பாலும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்வலத்துக்கென்று ஜூனில் மட்டும் போகாதீர்கள். வெயில் முந்திக்கொண்ட வருடங்களில் அதற்குள் தோட்டத்தில் பாதிப் பூ தீர்ந்திருக்கும். மே மாதக் கடைசியிலேயே போய், முதல் வெளிச்சத்தில் தோட்டத்தில் நில்லுங்கள். திரும்பும்போது மரக்குப்பிக்குள் வைத்த ஒரு கிராம் எண்ணெயை யாராவது குளிர்பானம் விற்கிற விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு கிராமுக்கே மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் பூ வேண்டும். அந்த விலைக்குப் பறிப்புக் கூலி கூட வராது.